தாய்மாமன் கார்

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று சத்தியசீலன் வீட்டில் சாம்பார்கூட வைக்கவில்லை என்று அவர் மனைவி நளினி இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். உண்மையில் அவள் சாம்பார் வைத்திருந்தாள். அவர்தான் சாப்பிடவில்லை.

அது நடந்தது சிங்கப்பூரில், ஜூலை மாதத்தில். அங்கே கார் வாங்குகிறவர் காருக்கு மட்டும் பணம் கட்டினால் போதாது. கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்குத் தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்கு மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும். சிறிய தீவு, எல்லாரும் கார் வாங்கினால் சாலை தாங்காது என்பதால் அரசாங்கம் எண்ணித்தான் கொடுக்கும். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் பத்து வருடம். முடிந்ததும் மறுபடி கட்டி நீட்டிக்கலாம். இல்லையென்றால் காரைப் பதிவிலிருந்து எடுத்துவிட வேண்டும். அது எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி.

சத்தியசீலனின் வெள்ளைக் கார் நன்றாகத்தான் ஓடியது. வாங்கும்போது சான்றிதழ் அறுபதாயிரம் வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, கிட்ட இருந்தது. இப்போது இன்னொரு பத்து வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருக்கிறவரால் கடன் வாங்கினால் கட்ட முடியும். ஆனால் மகள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். நளினி மகளின் கட்டண ரசீதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

பழைய கார் வியாபாரியின் முற்றத்தில் சாவியைக் கொடுத்தார். ஒரு பையன் அதை வாங்கி, வேறு ஐம்பது சாவிகள் தொங்கிய பலகையில் மாட்டினான். அவ்வளவுதான். வெளியே வந்து சாலையோரம் நின்றபோதுதான் சத்தியசீலனுக்கு உறைத்தது: பத்து வருடமாகக் கடந்து போன இடம், ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு எந்தப் பேருந்து போகும் என்று தெரியாது. நிறுத்தத்தில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு சீன அம்மாளிடம் கேட்டுத்தான் ஏறினார்.

கார் போனது ஒரு வருத்தம் என்றால், அதைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. அவருடைய ஒரே தங்கை தேவகி மலேசியாவில், கெடா மாநிலத்தில், பாடாங் மேஹா பக்கத்தில் இருக்கிறாள். அண்ணனும் தங்கையும் அங்கேயுள்ள ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு மாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகளை இடித்த பிறகு தேவகியும் அவள் புருஷன் நடராஜாவும் அருகிலேயே ஒரு வரிசை வீட்டை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மகள் ஷீலாவுக்கு ஆவணியில் கல்யாணம். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, சாப்பிட்டு முடித்த மிதப்பில், எல்லார் முன்னாலும் சத்தியசீலன் வாக்குக் கொடுத்திருந்தார்.

"தாய்மாமன் நான் இருக்கேன். என் காடியிலதான் ஷீலா கோயிலுக்குப் போவா. வேற காடி பேசாதீங்க."

காடி என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் கார். அப்போதே சான்றிதழ் முடிய எட்டு மாதம்தான் இருந்தது. அவருக்குத் தெரியாமலில்லை. விலை இறங்கும் என்று நம்பினார்.

ஜூலையிலிருந்து நளினி தினமும் ஞாபகப்படுத்தினாள். "தேவகிகிட்ட சொல்லிடுங்க. அவங்க வேற ஏற்பாடு பண்ணணும்ல."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம்," என்பார். போனை எடுப்பார். தேவகி பந்தல்காரனைப் பற்றியும் புடவையைப் பற்றியும் பேசுவாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார். அப்படியே ஆவணி வந்துவிட்டது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியலில் இருவரும் எல்லை தாண்டி, ஜொகூரில் பேருந்து ஏறினார்கள். மகளுக்குப் பரீட்சை, வரவில்லை. வழியில் நடராஜா போன் செய்தார்.

"மச்சான், எங்க வந்திருக்கீங்க?"

"ஈப்போ தாண்டியாச்சு."

"பாத்து ஓட்டுங்க லா. மழை வர்ற மாதிரி இருக்கு."

"சரி சரி," என்றார் சத்தியசீலன். பக்கத்தில் நளினி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுங்கைப் பட்டாணியில் இறங்கி ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலைப் பார்த்ததும் சத்தியசீலன் கதவைத் திறக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடராஜா வீட்டில் மூன்று கார். அவருடைய பழைய சாகா, மகன் வைத்திருக்கும் ஒன்று, ஷீலாவின் சிவப்பு மைவி. எப்போதும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த மூன்றையும் தெருக்கோடி மைதானத்தில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வாசல் கழுவி விடப்பட்டிருந்தது. வேறு யாரும் நிறுத்திவிடாமலிருக்க இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, நடுவில் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அவருடைய காருக்கு இடம்.

கிராப் நிற்கிற சத்தம் கேட்டு நடராஜா வெளியே வந்து, "தம்பி, இங்க நிறுத்தாதே, காடி வருது," என்று மலாயில் சொல்லிக் கையை ஆட்டினார். பிறகுதான் உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார்.

தேவகி ஓடிவந்து நளினியைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் தெருவை எட்டிப் பார்த்தாள். "காடி எங்கண்ணே?"

"உள்ள போயி பேசலாம்," என்றார் சத்தியசீலன்.

"வழியில கெட்டுப் போச்சா? அடி ஒண்ணும் படலையே?"

"இல்லம்மா. தண்ணி குடு மொதல்ல."

தண்ணீர் குடித்தார். தேநீரும் குடித்தார். ஷீலா வேலையிலிருந்து வந்து, "மாமா!" என்று காலைத் தொட்டுக் கும்பிட்டு, உடை மாற்றப் போனாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதும் கூலிமில் தொழிற்சாலைக்குப் போய்வந்த பெண் அவள். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் சத்தியசீலனுக்கு வாய் திறந்தது.

"காடி இல்ல தேவகி. திருப்பிக் குடுத்துட்டேன். பத்து வருஷம் முடிஞ்சிருச்சு."

நடராஜா சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டார்: "முடிஞ்சிருச்சுன்னா? இஞ்சின் போச்சா?"

"இஞ்சின் நல்லாத்தான் இருக்கு. காயிதம் முடிஞ்சிருச்சு. புதுசா கட்டணும்னா ஒரு லட்சத்துக்கு மேல."

"காடிக்கா?"

"காடிக்கு இல்ல மச்சான். காயிதத்துக்கு."

"அந்த ஊரு வெள்ளியா, நம்ம வெள்ளியா?"

"சிங்கப்பூரு வெள்ளி."

நடராஜா மலேசியக் காசாக்க மனசுக்குள் மூன்றுக்கும் கொஞ்சம் கூடுதலால் பெருக்கிப் பார்த்தார் போல. அவர் முகம் போன போக்கைப் பார்த்து நளினிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வீட்டை வாங்கி, பக்கத்து வீட்டையும் வாங்கலாமே, மச்சான்!" என்றார் நடராஜா. "எங்க சாகாவுக்கு இருபத்தி மூணு வயசு. அதை அங்க கொண்டுபோனா ரெண்டு தடவை செத்துப் பொறந்திருக்கும்."

"எதுக்கு அப்படி ஒரு சட்டம்? ஏழைபாழைங்க கார் ஓட்டக் கூடாதுன்னா?" என்றாள் தேவகி, அண்ணனுக்காகக் கோபப்பட்டு.

அங்கேதான் சத்தியசீலனுக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டு மாதமாக அவர் திட்டிக்கொண்டிருந்த சட்டத்தை இப்போது தங்கையிடம் தாங்கிப் பேசினார். "அப்படிச் சொல்ல முடியாது தேவகி. அவங்க எல்லாரையும் வாங்க விட்டாங்கன்னா ஒரு கார்கூட நகராது. நான் இப்ப ரயில்லதான் வேலைக்குப் போறேன். மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. கார்ல போனப்பவும் அதே நேரந்தான் ஆச்சு."

"எங்களுக்கு மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு வந்தாக்கூடப் போதும்," என்றார் நடராஜா. "இங்க காடி இல்லாட்டி மீன் வாங்கக்கூடப் போக முடியாது. வயசுப் புள்ள ஷிப்ட் முடிஞ்சு வரணும்னா வேற வழி? கம்பெனி பஸ்ஸு இந்தப் பக்கம் வராது. ஆளுக்கொரு காடி, ஆளுக்கொரு கடன், ரோடு டெக்ஸு, இன்சூரன்ஸு. அங்க காடி வைக்க விடாம காசு வாங்குறாங்க. இங்க வைக்காம இருக்க முடியாம குடுக்குறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சத்தியசீலன் சிரிக்கவில்லை. "நாளைக்கே சுங்கைப் பட்டாணியில ஒரு பெரிய காடி வாடகைக்குப் பேசிடுறேன். காசு என்னோடது. எவ்வளவானாலும் சரி."

"அதெல்லாம் வேணாண்ணே..." என்று தேவகி ஆரம்பித்தாள்.

"வாக்குக் குடுத்தவன் நான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷீலா தலையை நிமிர்த்தினாள். "மாமா, நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு வாடகைக் காடி வேணாம். யாரோ ஒருத்தர் காடியில எதுக்கு நான் உக்காரணும்? மைவியில போறேன். நாலு வருஷமா மாசாமாசம் கட்டி கட்டி, போன மாசந்தான் கடைசித் தவணை முடிச்சேன். அதுல ஒரு ஸ்க்ரூகூட இனி பேங்கோடது இல்ல. முழுசா என்னோடது."

"கல்யாணப் பொண்ணு மைவியிலயா?" என்றாள் தேவகி.

"ஏம்மா, அது என்ன குறைச்சல்? ஆனா ஒரு கண்டிஷன். மாமாதான் ஓட்டணும். தாய்மாமன் கூட்டிட்டுப் போறதுதானே முக்கியம், எந்தக் காடின்னு யாரு கேட்டா?"

சத்தியசீலன் தட்டிலிருந்த கத்தரிக்காயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளினார். கண் கலங்கியது என்னவோ உண்மை. ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லிக்கொண்டார். ரசம் இன்னும் ஊற்றவே இல்லை என்று நளினி சொன்னாள்.

மறுநாள் காலையில்தான் அடுத்த சங்கடம் தெரிந்தது. ஷீலாவின் மைவி கியர் மாற்றி ஓட்டுகிற வண்டி. விலை குறைவு என்று அதைத்தான் வாங்கியிருந்தாள். சத்தியசீலன் கிளட்ச் மிதித்துப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது.

"அதெல்லாம் மறக்காது," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார். மைதானத்திலிருந்து வெளியே வருவதற்குள் வண்டி மூன்று முறை குலுங்கி நின்றது. சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போனது.

"மாமா, நீங்க எறங்குங்க. செம்பனைக் காட்டு ரோட்டுக்கு நான் ஓட்டுறேன். அங்க யாரும் இல்ல," என்றாள் ஷீலா. கைகளில் முதல்நாள் இரவு வைத்த மருதாணி சிவந்து கிடக்க, அவள் வெகு லாவகமாக வண்டியைத் திருப்பி, செம்மண் பாதைக்குக் கொண்டுபோனாள். இருபுறமும் செம்பனை வரிசை வரிசையாக நின்றது. அங்கே இடம் மாறிக்கொண்டார்கள்.

"கிளட்சை மெதுவா விடுங்க. இன்னும் மெதுவா. உங்களுக்கு என்ன அவசரம்? முகூர்த்தம் நாளைக்குத்தான்."

"கத்தாதே புள்ள. கத்துனா கால் நடுங்குது."

"நான் எங்க கத்தினேன்?"

ஒரு மணி நேரம் அந்தப் பாதையில் போய்ப் போய் வந்தார்கள். பழக்குலை அறுத்துக்கொண்டிருந்த இரண்டு வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு முறை அவர் வண்டி நின்றுவிடாமல் கிளப்பும்போதும் கை தட்டினார்கள். கடைசியில் நான்காவது கியர்வரை போய்விட்டார். ஜன்னலைத் திறந்துவிட்டு, புழுதி உள்ளே வர வர ஓட்டினார். நகரத்து வண்டிகளின் மெத்தென்ற ஓட்டம் அதில் இல்லை. சக்கரத்துக்கடியில் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைக் காரை ஓட்டிய பத்து வருடத்தில் ஒரு நாள்கூடத் தான் இப்படிச் சிரித்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. கீறல் விழுமோ, யாராவது இடித்துவிடுவார்களோ, சுங்கக் கட்டணம் ஏறும் நேரத்துக்கு முன்னால் போய்விட வேண்டுமே என்று அந்தக் காரில் எப்போதும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

"உனக்கு நெஜமாவே வருத்தம் இல்லையா ஷீலா? பெரிய காடி வரும்னு கூட வேலை செய்யறவங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பியே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சொன்னேன் மாமா. பொய் சொல்ல மாட்டேன். நேத்து கேட்டப்ப ஒரு நிமிஷம் சுருக்குன்னுச்சு. அப்புறம் யோசிச்சேன். அதுல போயிருந்தா, கீழ சிந்தாம தண்ணி குடின்னு நீங்களே என்னைத் திட்டிக்கிட்டே வந்திருப்பீங்க."

அவர் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மைவிக்கு ரோஜாவும் செவந்தியும் கட்டினார்கள். நடராஜா அதிகாலையிலேயே எழுந்து மெழுகு போட்டுத் தேய்த்து, பழைய சிவப்பைப் புதுச் சிவப்பாக்கியிருந்தார். தேவகி மகளைப் பின்னால் உட்காரவைத்து, புடவை மடிப்பு கலையாமல் கதவைச் சாத்தினாள். நளினி முன்னால் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் வேறு கார்களில். கூலிம் கோயிலுக்கு அரைமணி நேரம்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கிளட்ச் மிதிப்பது தனி வித்தை. ஆனாலும் சத்தியசீலன் ஒரு இடத்தில்கூட வண்டி நின்றுவிடாமல் கொண்டுபோனார், கூலிம் சிக்னல்வரை. அங்கே ஒரு சின்ன ஏற்றம். பச்சை விழுந்தது. வண்டி ஒரு உதறு உதறி நின்றது. மறுபடி கிளப்பினார். மறுபடி நின்றது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி, அதன் ஹார்ன் நெஞ்சைப் பிளந்தது. நளினி, "பதறாதீங்க, பதறாதீங்க," என்றாள், தானே பதறிக்கொண்டு.

பின்னாலிருந்து ஷீலாவின் குரல் வந்தது. நெற்றிச்சுட்டி, ஜடை அலங்காரம் எல்லாவற்றோடும் முன்னால் சாய்ந்து, மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஹேண்ட் பிரேக்கை இழுங்க. இப்ப கிளட்ச். கொஞ்சம் எண்ணெய் குடுங்க, ஆக்ஸிலரேட்டரை லேசா அழுத்துங்க. வண்டி மூக்கைத் தூக்குதா? இப்ப பிரேக்கை விடுங்க."

வண்டி வெண்ணெயாக நகர்ந்தது. பக்கத்தில் ஏறிவந்த லாரிக்காரர், மலாய்க்காரர், பூ கட்டிய வண்டியையும் உள்ளே மணப்பெண்ணையும் பார்த்துவிட்டு, இந்த முறை வேறு மாதிரி ஹார்ன் அடித்தார், குட்டிக் குட்டியாக, பாட்டு மாதிரி. கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினார். அதைப் பார்த்துப் பின்னால் வந்த கல்யாண வீட்டு வண்டிகள் எல்லாம் அடிக்க ஆரம்பித்துவிட்டன. மோட்டார் சைக்கிளில் கூடவே வந்த படக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்த படத்தில் சத்தியசீலன் முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை சசிதரனின் சித்தப்பா கதவைத் திறந்துவிட வந்தார். சிங்கப்பூர் கார் பற்றி அவர் காதுக்கும் போயிருந்தது. "அந்தக் காடி என்னாச்சுங்க?" என்று கேட்டேவிட்டார்.

"அது ஆயுசு முடிஞ்சு போச்சுங்க," என்றார் சத்தியசீலன். "இது எங்க புள்ள சம்பாதிச்ச காடி."

சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை அவருக்கே புதிதாக இருந்தது. அந்த மனிதர் மைவியை ஒரு சுற்றுப் பார்த்து, "நல்லா வச்சிருக்காங்க," என்றார், உண்மையாகவே. ஷீலா இறங்கி மாமன் கையைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் மாலை போட்டு, உள்ளே அழைத்துப் போனார். தாலி ஏறியபோது தேவகி அழுதாள், நடராஜா அழவில்லை என்று சொல்லிக்கொண்டே அழுதார். சாப்பாட்டில் பாயசம் மட்டும் போதவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சத்தியசீலனும் நளினியும் கிளம்புவதாக இருந்ததால், திங்களன்று நடராஜா தன் சாகாவில் எல்லாரையும் தஞ்சோங் டாவாய்க்கு அழைத்துப் போனார். ஆற்றுமுகத்தில் படகுகள் வந்து நிற்கும் இடம். வெயிலில் மீன் காயும் வாசம் தூரத்திலேயே வந்தது. சத்தியசீலன் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருடைய ஓட்டுதலையும் குறை சொல்லாமல் வந்தார்.

கருவாட்டுக் கடையில் நளினி நின்றாள். வழக்கம்போல ஒரு பார்வை பார்த்துவிட்டு நகரப் போனாள். வருடாவருடம் இங்கே வந்தும் அவள் ஒரு பொட்டலம் வாங்கியதில்லை. காரில் வாசம் ஏறிவிடும் என்று அவர் விட்டதே இல்லை.

"வாங்கிக்க," என்றார் சத்தியசீலன்.

"என்னது?"

"கருவாடு. வாங்கிக்க. இனிமே எந்தக் காடியில வாசம் வரப்போவுது?"

நளினி அவரை நம்பாமல் பார்த்தாள். பிறகு புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பேரத்தில் இறங்கிவிட்டாள். நெத்திலி ஒரு கிலோ, திருக்கை ஒரு கிலோ, வாளை அரை கிலோ. மகளுக்குப் பிடிக்குமென்று காய்ந்த இறால். கடைக்காரி நாலு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை சுங்கைப் பட்டாணியில் பேருந்து ஏறும்போது ஓட்டுநர் பையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். "கீழ வைங்க அண்ணே, மேல வேணாம்," என்றார். சத்தியசீலன் தாமே குனிந்து, பைகளை எல்லாப் பெட்டிகளுக்கும் பின்னால் தள்ளி வைத்துவிட்டு மேலே வந்தார். தேவகி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைப் பட்டர்வொர்த் வருவதற்குள் இருவரும் பாதி தீர்த்துவிட்டார்கள். நளினி கல்யாணத்தில் யார் யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். தைப்பிங் தாண்டியதும் "ம்" நின்றுவிட்டது. நளினி திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.